தர்ப்பையில் பிறந்த கழுதை

பெலாத்துங் ஊரில் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு அடிபடுகிறது. நெங்கா புதார்சாவின் முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறதே ஒரு சிறகு முளைத்த சிங்கம், அது விடியப் போகிற நேரத்தில் கழுதை மாதிரிக் கத்துகிறதாம்.

பாலித் தீவில் கழுதை கிடையாது. குதிரை உண்டு, மாடு உண்டு, பன்றிக்குப் பஞ்சமே இல்லை. கழுதையைக் கண்ணால் கண்டவர் பெலாத்துங்கில் ஒருவரும் இல்லை. அது வாயைத் திறந்தால் என்ன சத்தம் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் கத்தியது கழுதைதான் என்பதில் ஊருக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. சந்தை முக்கில் கொத்துக்கறியும் தேங்காயும் பிசைந்து விற்கிற மென் ரித்தாவிடம் விசாரித்தபோது அவள் கறிக்கத்தியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"ரெண்டு காதாலயும் கேட்டேன். கழுதையேதான்."

"கழுதை எப்படிக் கத்தும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இதென்னா கேள்வி? நெங்கா வீட்டுச் சிங்கம் கத்துற மாதிரிதான் கத்தும்."

இந்த மாதிரிச் சாட்சிகளை வைத்துக்கொண்டு எந்த வதந்தியையும் சரிபார்க்க முடியாது. ஆகவே மறுமுனையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அந்தச் சிங்கம் அந்த முற்றத்துக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து.

இங்கே செத்தவரை ஒரு மிருகத்தின் வயிற்றில் வைத்துத்தான் எரிப்பார்கள். மூங்கில், மரம், துணி, காகிதம் இவற்றால் செய்த மிருகம். முதுகில் மூடி இருக்கும். திறந்து, உள்ளே கிடத்தி, மூடித் தீ வைத்தால் போகிறவர் அதன் மேல் ஏறிப்போய் முன்னோர் வாசலில் இறங்கிக்கொள்வார். எந்தக் குலத்துக்கு எந்த மிருகம் என்பது யாரோ எப்போதோ முடிவு கட்டியது. குருக்கள் வீட்டுக்கும் அரண்மனைக்கும் காளை. அதற்கு அடுத்த படியில் சிறகுள்ள சிங்கம், சிங்க அம்பரா. கடலோரத்துக்காரர்களுக்கு யானைத் தலையும் மீன் உடம்புமாகக் கஜாமினா. மேட்டுத் தெருவுக்குக் கொம்பு வைத்த பன்றி. நெங்காவின் குலத்துக்குக் கெதர்பா.

கெதர்பா எப்படி இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். முகம் சிங்கம் என்பார் ஒருவர். முகம் இல்லை, பல் மட்டும்தான் சிங்கம் என்பார் இன்னொருவர். வால் உண்டா, செதில் உண்டா என்பதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன கதையும் உண்டு. காது நீளம் என்பதில் மட்டும் ஊருக்கே ஒரே கருத்து. நெங்காவின் வாழ்க்கையைக் கெடுத்தது அந்தக் காதுதான்.

வாலிப வயதில் அவனுக்கு மாவட்டக் கலாசார அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. ஒரு தட்டச்சு எந்திரம், தலைக்கு மேல் சுற்றாத ஒரு மின்விசிறி, நாள் முழுக்கப் பேசுகிற ஓர் அதிகாரி. அந்த அதிகாரி ஒருநாள் பேச்சுவாக்கில், கஜாமினாவை இரண்டாக வெட்டினால் ஒரு பக்கம் யானையும் ஒரு பக்கம் மீனும் விழும் என்றார். நெங்காவுக்குத் தலையில் தேங்காய் விழுந்ததுபோல் ஆயிற்று. பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பெயர். அது இரண்டு பிராணிகளைச் சேர்த்துத் தைத்தது என்று ஒருத்தனும் சொல்லவில்லையே! யானையையும் மீனையும் கண்டுபிடித்த சூட்டோடு, தன் குலத்து மிருகத்துக்குள் என்னென்ன மகத்தான பிராணிகள் ஒளிந்திருக்கின்றனவோ என்று அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு தட்டில் பழம் வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் குருக்கள் வீட்டுக்குப் போனான்.

குருக்கள் குளித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணும்?"

"ஒரு பேருக்கு அர்த்தம் தெரியணும்மா. கெதர்பா."

"கர்த்தபம். கழுதை." உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள். "வேற?"

"இல்லம்மா, அது சிங்கமும் இன்னும் ஏதோ ரெண்டும் சேந்த..."

"செய்யறவன் கைக்கு வந்தத எல்லாம் ஒட்டுவான். பேரு கழுதைதான். பழத்த அங்க வச்சிட்டுப் போ."

அவள் சிரித்திருந்தால் நெங்கா கோபப்பட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பான், இரண்டு நாளில் மறந்தும் இருப்பான். அவள் சிரிக்கவில்லை. வெங்காயத்துக்கு விலை சொல்வதுபோல் சொன்னாள். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் வரப்போரமாக அடர்ந்து கிடந்த புல்லைப் பார்த்தபோது அவனுக்கு வழி கிடைத்தது. தர்ப்பை! புனிதமான புல். 'கெ' என்பது கதி. 'தர்பா' என்பது தர்ப்பை. தர்ப்பையில் பிறந்து தர்ப்பையில் அடங்குகிற தெய்வ மிருகம். கதி எப்படிக் 'கெ' ஆயிற்று என்பது மட்டும் உதைத்தது. அதை அவன் உதைத்த இடத்திலேயே விட்டுவிட்டு நடந்தான். அன்று இரவு அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது, நான்கு நாள் பாயில் கிடந்தான். எழுந்தபோது பண்டிதனாக எழுந்தான்.

பெயரை உடைத்து வயிறு வளர்க்க முடியும் என்று பெலாத்துங்கில் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. நெங்கா உடைத்தான். கல்யாண வீட்டில் உடைத்தான், கோயில் விழாவில் உடைத்தான், கடைசியில் மாவட்ட வானொலியில் வாரம் ஒருநாள் மாலையில் உடைத்தான். யானைக்கு லிமான் என்று ஒரு பழைய பெயர் இங்கே உண்டு. கை உடையது என்று அர்த்தம். கைம்மா என்று கூப்பிட்ட தமிழனுக்கும் அதே யோசனைதான் வந்திருக்கிறது, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தும்பிக்கையைப் பார்த்த எவனுக்கும் தோன்றக்கூடிய இந்தச் சின்ன விஷயத்தை, வெளியே சொல்லக்கூடாத ராஜ ரகசியம் என்று நெங்கா வானொலியில் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது, கேட்டவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்களாம்.

அம்பரா என்றால் ஆகாயம், துணி என்றும் சொல்லலாம். சிங்கக் குலத்துப் பணக்காரர் கூப்பிட்டால் ஆகாயம். துணிக்கடைக்காரர் கூப்பிட்டால் துணி. கோயில் விழாவில் ஆள் உள்ளே புகுந்து ஆடுகிற மிருக வேஷம் பாரோங். அந்தப் பெயர் கரடியிலிருந்து வந்தது என்று யாரோ ஒருவர் சொல்லப்போக, "கரடியே இல்லாத தீவுல கரடிப் பேரு எப்படிய்யா வரும்?" என்று நெங்கா அவரை மேடையிலேயே மடக்கினான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. சிங்கமும்தான் இங்கே இல்லை, யானையும்தான் இல்லை என்று கூட்டத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கைதட்டுகிற நேரத்தில் யாருக்கு உறைக்கும்?

கெதர்பா பற்றிக் கேட்டால் தர்ப்பை. அதை இந்த இருபத்தைந்து வருஷத்தில் அவன் எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. மிருகத்தின் பெயரை மட்டும் அவன் வாயால் சொல்லவே மாட்டான். "எங்கள் குலத்து வாகனம்" என்பான்.

இதற்கு நடுவில் ஊர் வேலைக்கு அவன் வருவது நின்றுபோயிற்று. பெலாத்துங்கில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பஞ்சார். அதன் தலைவர் கெலியான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பஞ்சார் ஆண்கள் அத்தனை பேரும் வந்து மூங்கில் வெட்ட வேண்டும், மசாலா இடிக்க வேண்டும், தோள் கொடுக்க வேண்டும். கெலியான் லந்த்ரா எருமைக்குக் கண்ணாடி மாட்டியதுபோல் ஒரு முகம் கொண்டவர். நெங்காவின் வாசலுக்கு வந்து எத்தனையோ முறை நின்றிருக்கிறார்.

"நாளைக்கு மூங்கில் வெட்டணும், நெங்கா."

"நாளைக்கு வானொலியில சிங்கம், கெலியான். ஊரே கேக்கும்."

"சரி, நீ சிங்கத்தப் பத்திப் பேசு. நாங்க மூங்கில வெட்டறோம். உன் வீட்டுல சாவு விழுந்தா சிங்கம் வந்து தூக்கட்டும்."

நெங்கா சிரித்தான். அறியாதவர்கள் பேச்சுக்குச் சிரிப்பதற்கென்று அவன் ஒரு தனிச் சிரிப்பு வைத்திருந்தான்.

அவன் அம்மா லுஹ் ரெந்தெங் படுத்த படுக்கையானபோதுதான் விவகாரம் வீட்டுக்குள் வந்தது. அம்மாவின் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்பதை நெங்கா மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். வானொலி கேட்கிற பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் வருவார்கள். அவர்கள் முன்னால் நீளக் காது வைத்த அந்த ஜந்து நிற்கும். கூட்டத்தில் வடமொழி படித்த ஒரே ஒரு குருக்கள் இருந்தால் போதும். ஒரே ஒரு சிரிப்புப் போதும். இருபத்தைந்து வருஷத் தர்ப்பை அங்கேயே பற்றிக்கொள்ளும்.

அம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு காய்ந்த தென்னங்குருத்தைக் கிழித்துப் பூசைத் தட்டுப் பின்னிக்கொண்டிருந்தாள். அக்கா லுஹ் தாமின் கால் அமுக்கிக்கொண்டிருந்தாள். சந்தையில் மீன் விற்கிறவள் அவள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது.

"அம்மா, நம்ம வாகனத்தப் பத்திக் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்."

"பண்ணு."

"நமக்குச் சிங்க அம்பராவுக்கே பாத்தியதை உண்டு. அம்பரான்னா துணி. உங்க மாமனாரோட அப்பா அரண்மனைத் துணிப்பெட்டிக்குக் காவல் இருந்தாருல்ல?"

"கோழிக்கூண்டுக்குல்ல காவல் இருந்தாரு."

"அது கடைசிக் காலத்துல..."

"உங்கப்பா எதுல போனாரு?" என்றாள் அம்மா.

"அதுல."

"எதுல?"

"அதான்... அதுல."

"பேரச் சொல்லக்கூட உனக்கு வாய் வரல." அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "நான் பொறந்தது கஜாமினா வீடு. வாழ்க்கப்பட்டது கெதர்பா வீடு. உங்கப்பா அங்க வாசல்ல நின்னுக்கிட்டு, நீளக் காது தெரியுதா தெரியுதான்னு பாத்துக்கிட்டிருப்பாரு. நான் சிங்கத்து மேல போய் எறங்குனேன்னு வை, யாரோ பெரிய வீட்டுப் பொம்பள வர்றான்னு தலையக் குனிஞ்சிக்கிட்டு ஒதுங்கி நிப்பாரு. அவரு சுபாவம் அப்படி. அப்புறம் நான் எங்க போய் அவரத் தேடறது?"

"சரிம்மா" என்றான் நெங்கா.

மூங்கில் வெட்ட வருவதாக முன்பெல்லாம் கெலியானிடம் சொல்லிவிட்டு வராமல் இருந்த அதே சரி. தாமின் நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்தச் சரியை நன்றாகத் தெரியும்.

அம்மா போய்ச் சேர்ந்தாள். குருக்கள் நாள் குறித்தார். குறித்த மறுநாளே நெங்கா தொழுவத்தில் இருந்த இரண்டு மாட்டையும் விற்று, பட்டணத்துப் பட்டறையில் சிங்க அம்பராவுக்குச் சொல்லிவிட்டு வந்தான். தங்கத் தாள், கண்ணாடி விழி, விரித்த சிறகு. விஷயம் தெரிந்து தாமின் மீன்கூடையோடு நேரே வந்தாள்.

"அம்மா என்னடா சொன்னா?"

"அம்மாவுக்கு என்னக்கா தெரியும்? இது வரலாறு."

"வரலாறு சாகல. அம்மாதான் செத்திருக்கா."

"நாலு பெரிய மனுஷங்க வர்ற எடம். நீ மீன் விக்கறவ, உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியலன்னா விடு. அப்பாவுக்குப் புரியுமா? அவரு அங்க நின்னுக்கிட்டிருக்காருடா!"

நெங்கா தன் சிரிப்பைச் சிரித்தான். தாமின் கூடையைத் தூக்கிக்கொண்டு மாதே குவேயின் கொட்டகைக்குப் போனாள்.

மாதே குவே ஊர்ப் பாடைக்காரர். சாவு மிருகங்கள் எல்லாம் அவர் கையால்தான். அவர் கை எப்படி என்றால், அவர் செய்த காளையைப் பார்த்து அரண்மனைக் குழந்தை ஒன்று தவளை என்று சொல்லிவிட்டது. மதியத்துக்கு மேல் கள்ளும் இறங்கியிருக்கும்.

"அண்ணே, ஒரு கெதர்பா வேணும்."

"கெதர்பாவா?" குவே தலையைச் சொறிந்தார். "மறந்தே போச்சும்மா. எப்படி இருக்கும் அது?"

"தம்பி வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எங்கப்பாவுக்கு நீங்கதானே செஞ்சீங்க!"

"செஞ்சதத்தான் மறந்துட்டேன்."

"காது நீளமா இருக்கும்."

"அது போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்." கள் மொந்தையை ஓரமாக நகர்த்தினார். "எனக்கு உண்டான வாத்து மட்டும் மகன் கையால வரணும், தங்கச்சி. நீ குடுத்தா எடுத்துக்க மாட்டேன்."

இது பெலாத்துங்கின் பழைய ஏற்பாடு. ஊர்ச் சாவுக்கு மிருகம் செய்தால் பாடைக்காரர் கூலி வாங்கமாட்டார். எல்லாம் முடிந்தபின், கொள்ளி வைத்த மகன் ஒரு வாத்தைத் தன் கையால் பிடித்துக்கொண்டுவந்து, எந்த மிருகத்துக்காக என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்குள் நெங்கா பஞ்சாரைக் கூட்டிச் சிங்கத்துக்கான பாத்தியதையை விளக்கினான். துணிப்பெட்டி, காவல், அம்பரம், ஆகாயம் என்று பொழுது சாய்கிற வரைக்கும் விளக்கினான். கிராம்புச் சுருட்டுப் புகைக்கு நடுவே ஆண்கள் அவனைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"பேச்சு முடிஞ்சுதா?" என்றார் கெலியான் லந்த்ரா.

"முடிஞ்சுது."

"சரி. தூக்க வந்துடறோம்."

தன் புலமைக்கு ஊர் அடங்கிப்போய்விட்டது என்று நெங்கா நினைத்துக்கொண்டான். படித்தவர்களுக்கு இது ஒரு வசதி. எதிரில் இருப்பவன் வாயை மூடினால் ஒத்துக்கொண்டான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எரிக்கிற நாளில் சிங்கம் லாரியில் வந்து இறங்கியது. சிறகு வாசலுக்குள் நுழையாமல் மதிலுக்கு மேலாக அதைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். வானொலி நேயர்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து தங்கத் தாளைத் தொட்டுப் பார்த்தார்கள். "அம்பரான்னா ஆகாயம்" என்றார் ஒருவர். "துணியும் உண்டு" என்றார் அடுத்தவர். அம்மா பாடையில் வெள்ளைத் துணிக்குள் இருந்தாள். அவளை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. நாற்சந்தியில் போகிறவருக்குத் திரும்பி வரும் வழி தெரியக்கூடாது என்று மூன்று சுற்றுச் சுற்றுவார்கள். ஊருக்கு ஆகாதவர் வீட்டுச் சாவென்றால் அந்தச் சுற்றில் பாடையின் கம்பே முறியும். சேற்றைக் கரைத்து ஊற்றுவார்கள், கத்துவார்கள், மிருகத்தின் வால் ஒரு தெருவிலும் தலை ஒரு தெருவிலும் கிடக்கும். நெங்கா அதற்குப் பயந்துகொண்டிருந்தான். அன்று பஞ்சார்க்காரர்கள் தூங்குகிற குழந்தையைத் தொட்டில் மாற்றுவதுபோல் அவ்வளவு மென்மையாகச் சுற்றினார்கள். சிங்கத்தின் ஒரு பல்கூட ஆடவில்லை. அப்போதுதான் அவன் தோள் கொடுத்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான்.

சுடுகாட்டில் இலவ மரத்தடியில் கெதர்பா நின்றுகொண்டிருந்தது.

அதைக் கெதர்பா என்று சொல்வதற்குக் காது ஒன்றுதான் ஆதாரம். உடம்பு முழுக்க ஊதாத் துணி. முகம் சிங்கமாகக் கிளம்பிப் பாதி வழியில் எருமையாகத் திரும்பியிருந்தது. சிரட்டையில் வெட்டிய பல். பின்பக்கம் தொங்கியது வாலா, கட்டி முடிக்காமல் விட்ட கயிறா என்று சொல்ல முடியாது. நீளமான இரண்டு காதில் ஒன்று நிமிர்ந்து நின்றது, மற்றது மடங்கித் தொங்கியது. குவே அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, பெண்ணைப் பெற்றவர் மாதிரி நின்றார்.

சிங்கத்தைத் தூக்கி வந்தவர்கள் வண்டியை ஓரங்கட்டுவதுபோல் அதை ஒரு பக்கமாக இறக்கி வைத்தார்கள். நெங்கா ஓடிப்போய் அதன் முதுகு மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு காத்து நின்றான். பாடையைத் தூக்கியவர்கள் அவனைத் தாண்டிக் கெதர்பாவை நோக்கிப் போனார்கள்.

"இங்க! இங்க கொண்டாங்க!"

யாரும் திரும்பவில்லை. கெலியான் மட்டும் நின்றார்.

"தூக்கிக்கிட்டு வந்தது நாங்க, நெங்கா. எங்க எறக்கணும்னு நாங்க பாத்துக்குவோம்."

"பாத்தியதைய அன்னிக்கு உங்க எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேனே!"

"சொன்ன. நல்லாருந்துது. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். கடைசியா நீ யாரு வீட்டுச் சாவுக்குத் தோள் குடுத்த? பேரச் சொல்லு."

பெயர்களின் பண்டிதனுக்கு ஒரு பெயர்கூட வரவில்லை. குடை பிடித்த பெரிய மனிதர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அம்மாவைக் கெதர்பாவின் வயிற்றில் கிடத்தினார்கள். மூடியை மட்டும் மூடவில்லை. மூட முடியாது. மகன் வந்து மிருகத்தின் காதில் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஏறியிருப்பது யார் என்று அறிமுகம் செய்து வைக்க வேண்டும். பெயர் சொல்லாமல் ஏற்றி விட்டால் அது எந்த வாசலுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? இருப்பது ஒரே மகன். குருக்கள் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். குறித்த வேளை நழுவிக்கொண்டிருந்தது. நழுவினால் மூடி திறந்தபடியே கிடக்க வேண்டியதுதான், அடுத்த நல்ல நாள் பார்க்கிற வரைக்கும்.

நெங்கா அசையவில்லை. தாமின் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சொல்லுடா."

"முடியாதுக்கா. அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாது."

"கழுதை" என்றாள் தாமின்.

"யாரு சொன்னா?"

"நீதான். அந்தக் காய்ச்சல்ல நாலு நாளும் கழுதை கழுதைன்னு பெனாத்துனியே. நானும் அம்மாவும்தானே பக்கத்துல ஒக்காந்து ஈரத்துணி போட்டோம். அப்புறம் எழுந்து தர்ப்பைன்ன. பையன் சந்தோஷமா இருக்கான், இருந்துட்டுப் போறான்னா அம்மா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கழுதைன்னா எப்படி இருக்கும்னு என்னக் கேட்டா. சந்தையில ஜாவாக்காரன் ஒருத்தன் சொன்னான், சுமை தூக்கும், அடிச்சாலும் வழி மாறாதுன்னு. அத வந்து சொன்னேன். 'அப்ப நல்லதுதான், நான் வேற கனம்'னா." தாமின் தம்பியின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "கழுதைன்னு தெரிஞ்சுதாண்டா கேட்டா. போ. அந்த மனுஷன் நின்னுக்கிட்டே இருக்காரு."

நெங்கா நடந்தான். இருபத்தைந்து வருஷமாக மேடையில் ஏறும்போது நடக்கிற அந்த நடை அப்போது அவனிடம் இல்லை. தொங்கிய காதருகில் குனிந்து ஏதோ முணுமுணுத்தான்.

"அந்தக் காது மடங்கிக் கெடக்கு, பாக் நெங்கா!" என்று குவே கத்தினார். "அதுக்குக் கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க!"

பஞ்சார் சிரித்தது. நெங்கா மிருகத்தைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்த காதுக்கு வந்தான்.

"கெதர்பா" என்றான். குரல் சுடுகாட்டின் மதில் வரைக்கும் போயிற்று. "கெதர்பா. இது எங்கம்மா, லுஹ் ரெந்தெங். எங்கப்பா நிக்கற எடத்துல எறக்கி விடு."

மூடியை மூடினார்கள். ஊதாத் துணி நன்றாகப் பற்றிக்கொண்டது. குவேயின் வேலையில் எப்போதும் குறை சொல்ல முடியாத பகுதி அது எரிகிற விதம்தான்.

சரி, பெரிய மனிதர்கள்? அவன் இத்தனை வருஷமாகப் பயந்த அந்தச் சிரிப்பு? ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்கு அவர்களில் யாரும் படித்திருக்கவில்லை, படித்த குருக்கள் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெதர்பா என்று நெங்கா கூப்பிட்டவுடன் வானொலி நேயர் ஒருவர் மனைவியின் பக்கம் குனிந்து, "தர்ப்பையில பொறந்தது" என்று பயபக்தியோடு சொன்னார். அந்த அம்மாள் அதைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மிச்சம் நின்றது சிங்கம். வெறும் வயிற்றோடு ஒரு மிருகத்தை எரித்தால் அது வயிற்றுக்கு ஆள் தேடித் திரும்பி வரும் என்பது பெலாத்துங்கின் நம்பிக்கை. ஆகவே எரிக்க முடியாது. பட்டறைக்காரன் சாவுக்குப் போய்வந்த சரக்கைத் திரும்ப எடுக்கமாட்டான். சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதுதான் பஞ்சாரின் கடமை, சுடுகாட்டிலிருந்து கொண்டுவருவது இல்லை என்று கெலியான் லந்த்ரா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தெரிவித்தார். நெங்கா மாட்டுவண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்து, மதிலுக்கு மேலாக மறுபடி இறக்கி, தார்ப்பாயைப் போர்த்தினான். வானொலியில் இப்போதெல்லாம் மிருகங்களை விட்டுவிட்டான். ஊர்ப் பெயர்களை உடைக்கிறான்.

இனி அந்தக் கத்தல். ஒரு காலை வேளையில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாகிவிட்டது. சிங்கத்தின் முதுகு மூடி அன்று திறந்ததுதான், யாரும் மூடவில்லை. உள்ளே வைக்கோல் மாதிரி நைந்துபோன தங்கத் தாளின் மேல் ஒரு பெட்டை வாத்து முட்டையிட்டு உட்கார்ந்திருந்தது. மூங்கிலும் காகிதமுமான அந்த வெற்று வயிற்றுக்குள்ளிருந்து அது வாயைத் திறந்தால், சத்தம் சிங்கத்தின் கழுத்து வழியாக ஏறி வாய் வழியாக வருகிறது. மென் ரித்தாவிடம் போய்ச் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"வாத்தா? வாத்து எப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியாதா? இது கழுதை."

வாத்து குவேக்கு உண்டானது. சடங்கு முடிந்த வாரமே நெங்கா வாங்கிவிட்டான். கொடுக்கத்தான் முடியவில்லை. அம்மாவுக்காக ஒரு தடவை அந்தப் பெயர் வாயில் வந்துவிட்டது. கள் மொந்தைக்காரன் ஒருவனுக்காக இன்னொரு தடவை வரவேண்டும் என்றால் நாக்கு எழவில்லை. காலில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு, வாத்து தானாக ஓர் இடம் தேடிக்கொண்டது.

குவே சாயங்காலம் அந்த வழியாகத்தான் கொட்டகைக்குப் போவார். மதிலுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்.

"வாத்து சௌக்கியமா, பாக் நெங்கா?"

"சௌக்கியம்."

"எந்த மிருகத்துக்கு உண்டான வாத்து அது?"

"நாளைக்கு வாங்க" என்பான் நெங்கா.

"நாளைக்கு வர்றேன்" என்பார் குவே. அவருக்கு ஒன்றும் அவசரமில்லை. முட்டைகள் பொரிக்கிற மாதிரி இருக்கின்றன.